வழலையும் தாய்மொழியும்

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

தமிழ்நாட்டில் இன்று பிறக்கும் குழந்தை, தாய்மொழியின் முதற்சொல்லை விளங்கிக் கொள்வதற்கு நெடுநாள் முன்னரே, பெயர் தெரியாத பத்துப் பன்னிரண்டு பொருள்களைத் தன் தோலின்மேல் ஏற்றுக் கொள்கிறது. தேய்ப்பவள் பெற்ற தாய். தேய்ப்பது இன்னதென அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றாலும் அவளால் இயலாது. குப்பியின் பின்புறத்தில், எறும்பின் காலை ஒத்த சிற்றெழுத்தில், அவளுடையதல்லாத மொழியில் அது அச்சிடப்பட்டிருக்கிறது. முன்புறத்தில் மட்டும் சிரிக்கும் ஒரு முகமும் ஒரு பூவும் பெரிதாகத் தெரிகின்றன. பூவை நம்பி வாங்குகிறாள்; பின்புறத்தை நம்பிக்கையின் பேரில் விட்டு விடுகிறாள்.

இதனை வெறும் மொழிப்பற்றுச் சிக்கலென்று தள்ளுவார் உளர். இது தோலைப் பற்றிய சிக்கல். பிள்ளையின் நலத்தைப் பற்றிய சிக்கல். மொழி புறக்கணிக்கப்படும்போது முதலில் போவது பெருமையன்று, அறிவு. அறிவு போனபின் அவ்விடத்தில் வந்து அமர்வது அச்சம் அல்லது குருட்டு நம்பிக்கை. குப்பிக்காரன் அந்நம்பிக்கையை விற்கிறான். 'வேதிப்பொருள் ஒன்றும் இல்லாதது' என்று பொடி விற்பவன் அவ்வச்சத்தை விற்கிறான். இவ்விருவரிடமிருந்தும் தமிழ்த்தாயை மீட்பது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள்.

பொருட்பட்டி தமிழர்க்குப் புதிதன்று

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், மாதவி தன் கூந்தலை நீராட்டிய நன்னீரில் பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று இளங்கோவடிகள் கூறுகிறார். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அத்தொகைகளை அப்படியே விட்டுவிடாமல், அவற்றுள் அடங்கும் பொருள்களைப் பெயர் சொல்லி அடுக்கிக் காட்டுகிறார். துவர் என்றால் தோலைச் சுருக்கி இறுக்கும் பொருள். விரை என்றால் மணப்பொருள். தொழிலைக் கொண்டே வகை பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். இன்றைய அறிவியல் குப்பியின் பின்புறத்தில் கேட்பதும் இதுதான்: என்னென்ன பொருள், எதெது என்ன தொழிலுக்கு?

பட்டியிடும் வழக்கம் தமிழில் இருந்தது. தமிழர் தோலின்மேல் படும் பொருளுக்குத் தமிழில் பட்டி இல்லாமற் போனது பின்வந்த இழப்பு. 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் தாளிகைப் பெயரையும் மீட்டது. வீட்டுக் குளியலறையிலுள்ள பொருள்களின் பெயர்களை மீட்கும் பணி இன்னும் பெரும்பாலும் தொடங்கப்படவேயில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பனைப் பொருள்களுக்கென 2020-ஆம் ஆண்டில் இந்திய நடுவணரசு வெளியிட்ட நெறிகளின்படி, அடங்கிய பொருள்களின் பட்டியைச் சிப்பத்தின்மேல் அச்சிட வேண்டும். 1 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மிகுதியானது முதலாக இறங்குவரிசையில் வரவேண்டும். 1 விழுக்காடும் அதற்குக் குறைந்தனவும் அவற்றின் பின்னே எவ்வரிசையிலும் வரலாம். நல்ல நெறியே. ஆனால் எம்மொழியில்?

சிப்பப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் எடையளவு நெறிகள், செய்தவர் பெயர், நிகர அளவு, விலை முதலிய அறிவிப்புகளைத் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ, அன்றி ஆங்கிலத்திலோ தரவேண்டும் என்கின்றன. பிறமொழி கூடுதலாக இருக்கத் தடையில்லை என்றும் சொல்கின்றன. அஃதாவது இந்தி இருந்தால் போதும், ஆங்கிலம் இருந்தால் போதும். தமிழ் மட்டும் இருந்தால் போதாது. பொள்ளாச்சியில் விற்கும் வழலைக்கும் புதுக்கோட்டையில் விற்கும் வழலைக்கும் இதுவே நெறி. தமிழ் தடுக்கப்படவில்லை, தேவையற்றதாக்கப்பட்டிருக்கிறது. தடையை எதிர்த்துப் போராடலாம். தேவையின்மையோ ஓசையின்றிக் கொல்லும்.

பட்டியிற் காணும் பெயர்கள் ஆங்கிலம் கற்றார்க்கும் எளிதில் விளங்குவன அல்ல. 'அக்குவா' என்று முதலில் வரும். பெரிய மருந்துபோல் தோன்றும். அது இலத்தீனில் நீர். 'பர்பூம்' என்று கடைசியில் வரும், அது மணம். 'கோக்கசு நியூசிபெரா' என்று வருவது தென்னை. 'சோடியம் கோக்கோயேட்டு', 'கோக்கோ குளுக்கோசைடு', 'கோக்கமிடோபுரோப்பைல் பீட்டைன்' ஆகியவற்றிலுள்ள 'கோக்கோ'வும் 'கோக்க'வும் தேங்காய். தோப்பில் தென்னை வளர்ப்பவன், தன் தேங்காயின் பெயரைக் குப்பியில் அடையாளம் காண மாட்டான். 'வெட்டிவர்' என்று உலகெங்கும் மணப்பொருட் குப்பிகளில் நிற்பதோ தமிழ் வெட்டிவேரே. தமிழ்ச்சொல் உலகத்தார் குப்பியில் ஏறியிருக்கிறது. தமிழர் கையிலுள்ள குப்பியில் தமிழுக்கு இடமில்லை.

அழுக்கு எவ்வாறு நீங்குகிறது?

பெயரைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. தொழிலும் விளங்க வேண்டும். தோலின்மேல் இயற்கையாகவே மெல்லிய நெய்ப்பசை சுரக்கிறது. தூசும் புகைக்கரியும் அப்பசையில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் நெய்யோடு கலவாது. ஆகவே வெறும் நீர் அவ்வழுக்கை முழுதும் எடுக்காது. நீரையும் நெய்யையும் இணைக்க இருதலையுள்ள ஒரு பொருள் வேண்டும். அதன் ஒரு தலை நீரை விரும்பும். மறுதலை நெய்யை விரும்பும். நெய்விரும்பும் தலைகள் அழுக்கை நடுவில் வைத்துச் சூழ்ந்துகொள்ள, நீர்விரும்பும் தலைகள் வெளியே நீரைப் பற்றுகின்றன. அச்சிறு உருண்டைகள் நீரோடு போய்விடுகின்றன. இதனை நுரைப்பொருள் என்று சொல்லலாம்.

வழலையில் இருப்பதும் இதுவே. சீயக்காயில் இருப்பதும் இதுவே. பூந்திக்கொட்டைத் தோட்டில் இருப்பதும் இதுவே. சீயக்காயின் நுரைப்பொருளை அறிவியலார் 'சபோனின்' என்கின்றனர். இலத்தீனில் 'சாப்போ' என்றால் வழலை. 1753-இல் இலின்னேயசு என்னும் நிலைத்திணை அறிஞர் பூந்திமரப் பேரினத்துக்கு இட்ட 'சாப்பிண்டசு' என்ற பெயரும் 'இந்திய வழலை' என்னும் பொருளுடையதே. உசில மர இலையை உலர்த்தி இடித்த அரப்புத்தூளும் இவ்வகையினதே. உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரில் அம்மரம் இன்றும் நிற்கிறது.

எண்ணெய்க் குளியலின் நுட்பம் இங்கு விளங்கும். நெய்யை நெய்யே எளிதிற் கரைக்கும். நல்லெண்ணெய் தேய்த்தவுடன் தோலின் பழைய பசையும் அழுக்கும் அதிற் கரைகின்றன. பின்பு சீயக்காயோ அரப்போ அவ்வெண்ணெயைச் சூழ்ந்து நீரில் விடுகிறது. சிறிது எண்ணெய் தோலில் தங்கி ஈரத்தைக் காக்கிறது. பாட்டி இதனை வேதியியல் நூலைப் படித்துச் செய்யவில்லை. ஆனால் அவள் செய்ததில் வேதியியல் இருந்தது.

இனி, காடியும் காரமும். இவற்றை 0 முதல் 14 வரையுள்ள ஓர் அளவெண்ணால் குறிக்கின்றனர். 7 நடுநிலை, அதற்குக் கீழ் புளிப்புடைய காடி, மேலே காரம். மாந்தத் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை, அஃதாவது சற்றே காடித்தன்மை உடையது. தீய நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் அம்மென்புளிப்புக்குப் பங்குண்டு. எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த உண்மையான வழலை எதுவாயினும் 9 அல்லது 10 அளவில் நிற்கும். நலமான தோல் சில மணிநேரத்தில் தன் நிலைக்கு மீண்டு விடும். வறண்ட தோலும் கரப்பான் உள்ள தோலும் அவ்வளவு எளிதில் மீளா. நாளுக்கு நான்கு முறை வழலை தேய்த்து முகம் கழுவுவோர், அழுக்கைப் போக்குவதாக எண்ணித் தோலின் வேலியைப் பிடுங்குகின்றனர்.

தோற்றம் நன்மைக்குச் சான்றாகாது

இவ்விடத்தில் தோழர்கள் சிலர்க்குக் கசப்பான ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 'இயற்கையிலிருந்து வந்தது நல்லது, ஆலையிலிருந்து வந்தது தீயது' என்னும் பிரிவினை அறிவுக்கு ஒவ்வாது. 'சோடியம் லாரில் சல்பேட்டு' என்னும் வலிய நுரைப்பொருள் தேங்காயெண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆயினும் அது தோலை உறுத்தும். தோல் மருத்துவ ஆய்வாளர் தோலை வேண்டுமென்றே உறுத்தி ஆராய அதனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அதே தேங்காயிலிருந்து பெறும் கொழுப்புப் பொருளோடு சருக்கரையைச் சேர்த்துச் செய்யும் கோக்கோ குளுக்கோசைடு மென்மையானது. தோப்பு ஒன்றே, தொழில் வேறு. மென்மையானதெனப் பெயர்பெற்ற கோக்கமிடோபுரோப்பைல் பீட்டைனும் சிலர்க்கு ஒவ்வாமை தருவதுண்டு. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் கழகம் 2004-ஆம் ஆண்டில் அதனை அவ்வாண்டின் ஒவ்வாப் பொருளாக அறிவித்தது.

வேதிப்பொருள் இல்லாத பொருள் உலகில் இல்லை. நீரும் வேதிப்பொருளே. 'நூற்றுக்கு நூறு மூலிகை' என்று தமிழில் அச்சிட்டு, உள்ளே என்ன மூலிகை, எவ்வளவு என்று சொல்லாத பொட்டலமும், அறியா மொழியில் அச்சிட்ட குப்பியும் தாய்க்கு ஒன்றே. அது விளங்காத பட்டி. இது பட்டியே இல்லாதது. தமிழில் மறைத்தாலும் மறைப்பு மறைப்பே.

கார்போகரிசியை எடுத்துக் கொள்க. நலுங்குமாவிலும் குளியல் பொடியிலும் மணத்துக்காகவும் தோல் நலத்துக்காகவும் பலர் சேர்ப்பது. அவ்விதையில் 'சோரலன்' என்னும் பொருள் உண்டு. வெண்புள்ளி மருத்துவத்தில் தோலைக் கதிரொளிக்கு இணங்கச் செய்ய அப்பொருள் பயன்பட்டு வந்திருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில், அளந்து. அவ்விதைப் பொடியை அளவறியாமல் முகத்தில் அப்பி நண்பகல் வெயிலில் நடந்தால் தோல் சிவந்து வெந்து கருக்கவும் கூடும். எலுமிச்சைச் சாறும் அவ்வாறே. அதன் புளிப்பளவு 2-ஐ ஒட்டியது. தோலுக்கு அது கடுமை. மேலும் எலுமிச்சை இனக் கனிகளின் தோலில் வெயிலோடு சேர்ந்து கொப்புளம் எழுப்பும் பொருள்கள் உள்ளன. சமையல் சோடாவோ எதிர்ப்பக்கம், ஏறத்தாழ 8.3 அளவில் நிற்கும் காரம். இவ்விரண்டையும் கலந்து முகத்தில் பூசச் சொல்லும் அறிவுரை பலவிடத்தும் வழங்குகிறது. அதனைக் கேளாதிருப்பதே நன்று.

வீட்டில் செய்யத்தக்கது: உலர்ந்த குளியல்மாவு

எனின், வீட்டில் எதுவும் செய்ய வேண்டாவா? செய்க, அளந்து செய்க. 'ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை' என்பதை விட்டு, விழுக்காட்டில் சொல்லப் பழகுக. விழுக்காட்டில் எழுதிய செய்முறைதான் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் பிழையின்றிப் போகும். 500 கிராம் மாவுக்கு ஒரு கணக்கு வருமாறு:

பச்சைப்பயறு – 300 கிராம் (60 விழுக்காடு)
கடலைப்பருப்பு – 75 கிராம் (15 விழுக்காடு)
உலர்ந்த ஆவாரம்பூ – 50 கிராம் (10 விழுக்காடு)
வெட்டிவேர் – 25 கிராம் (5 விழுக்காடு)
கோரைக்கிழங்கு – 25 கிராம் (5 விழுக்காடு)
பூலாங்கிழங்கு – 15 கிராம் (3 விழுக்காடு)
கத்தூரிமஞ்சள் – 10 கிராம் (2 விழுக்காடு)

ஒவ்வொன்றின் தொழிலையும் அறிக. பயறும் கடலையும் உடல். அவற்றின் மாவுப்பொருளும் புரதமும் நெய்ப்பசையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. ஆவாரம்பூ துவர். வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் பூலாங்கிழங்கும் விரை. கத்தூரிமஞ்சள் நிறமும் மணமும். அடியார்க்குநல்லார் காட்டிய துவர், விரை என்னும் பகுப்பு இங்கும் நிற்கக் காண்க. இம்மாவில் வலிய நுரைப்பொருள் இல்லை. ஆகவே நாள்தோறும் படியும் மெல்லிய அழுக்குக்கு இது போதும். எண்ணெய் தேய்த்த உடலுக்கு இது போதாது, அதற்குச் சீயக்காயோ அரப்போ துணை வேண்டும்.

வேரையும் கிழங்கையும் சிறுசிறு துண்டாக நறுக்கி, எல்லாவற்றையும் ஈரம் சிறிதுமின்றி உலர்த்துக. தனித்தனியே அரைத்து மெல்லிய துணியில் சலிக்க. வெட்டிவேரின் நார் சல்லடையில் நின்றுவிடும்; அந்நாரை மாவோடு கூட்டாதீர். கரகரத்த மாவு தோலைக் கீறும். மஞ்சளைப் பொடியாக வாங்காது கிழங்காக வாங்குவது நலம். கடைப்பொடிகளில் நிறத்துக்காக ஈயம் கலந்த நிறப்பொருளைச் சேர்க்கும் கலப்படம் சில நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது.

மாவைக் காற்றுப்புகாக் கலத்தில், உலர்ந்த கரண்டியிட்டு வைக்க. கலத்தின்மேல் பொருள்களின் பெயர்களையும் அளவுகளையும் அரைத்த நாளையும் தமிழில் எழுதி ஒட்டுக. குப்பிக்காரனிடம் கேட்கும் பட்டியைத் தன் வீட்டுக் கலத்தில் எழுதாதவர்க்கு, கேட்கும் உரிமை பாதியே. முகத்துக்கு ஒரு கரண்டி மாவை நீரிற் குழைத்து, அழுத்தித் தேய்க்காமல் பூசி உடனே கழுவுக. காய்ந்து வெடிக்கும்வரை விடாதீர். குழைத்ததில் எஞ்சியதை எறிந்துவிடுக. கைக்குழந்தையின் முகத்தருகே உலர்ந்த மாவைத் தூவாதீர். தூள் மூச்சில் ஏறும். பயறு, கடலை உணவாக ஒவ்வாதவர் இம்மாவைத் தவிர்க்க. சீயக்காயும் பூந்தியும் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பூந்தி ஊறிய நீரை மீனுள்ள குளத்தில் கொட்டாதீர். அதன் நுரைப்பொருள் மீனுக்கு நஞ்சு.

எப்புதுப் பொருளையும் முகத்தில் இடுமுன், முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசிப் பார்க்க. நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள் வரை ஒரே இடத்தில் பூசிக் கழுவி, சிவப்போ நமையோ வீக்கமோ இல்லையெனில் பயன்படுத்துக. பாட்டி செய்ததாயினும் இது பொருந்தும். வெளிநாட்டான் செய்ததாயினும் பொருந்தும்.

நீர் சேர்ந்தால் நெறி மாறும்

உலர்ந்த மாவைப் பரிந்துரைப்பதற்கு ஒரு கரணியம் உண்டு. நுண்ணுயிர் பெருக நீர் வேண்டும். உலர்ந்த மாவில் அவை பெருகா. பூந்தி ஊறிய நீர், கற்றாழைச் சோற்றுக் கூழ், பூவூறல் ஆகியவற்றில் ஒரே நாளில் பெருகத் தொடங்கும்; கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியுமுன்பே பெருகியிருக்கும். ஆகவே நீர் சேர்ந்ததை அவ்வப்போது செய்து அன்றன்றே முடித்துவிடுக. கற்றாழை மடலை அறுத்தவுடன் வடியும் மஞ்சட்பாலை முழுதும் வடியவிட்டுக் கழுவிய பின்னரே சோற்றை எடுக்க; அப்பால் தோலை உறுத்தும்.

ஆலையில் செய்யும் நீர்மங்களில் கெடாமற் காக்கும் பொருள்களைச் சேர்ப்பது இதனால்தான். அவற்றைக் கண்டவுடன் நஞ்சென்று கூச்சலிடுதல் பேதைமை. காப்புப்பொருள் இல்லாத நீர்மம் அதனினும் பெரிய தீங்கு. எந்தக் காப்புப்பொருள், எவ்வளவு என்று கேட்பதே அறிவு. 'மெத்தில் ஐசோதயசோலினோன்' என்னும் காப்புப்பொருள் பலர்க்கு ஒவ்வாமை தந்தமையால், கழுவாது தோலில் விடும் பொருள்களில் அதனைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது. 'பினாக்சி எத்தனால்' பொதுவாக 1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை. இவ்வொரு செய்தியே குப்பியைப் படிக்க ஒரு திறவுகோலாகும். முன்புறத்தில் சந்தனக்கட்டையைப் படமாகப் போட்டிருப்பான். பின்புறத்தில் பினாக்சி எத்தனாலுக்குப் பின்னே சந்தனம் நிற்கும். எனின், அச்சந்தனம் 1 விழுக்காட்டைத் தாண்டாதென்று பட்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

வழலை செய்வார்க்கு

வீட்டில் வழலை செய்ய விரும்புவோர் ஒன்றை உணர்க: நிறைகோல் இல்லாதவர் அதனைத் தொடலாகாது. எண்ணெயும் எரிசோடா என்னும் கடுங்காரமும் சேர்ந்து இரண்டும் மாறி வழலையும் கிளிசரினும் ஆகின்றன. கொழுப்பின் இவ்வியல்பை 1823-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியவர் பிரஞ்சு அறிஞர் செவ்ரல். 100 கிராம் தேங்காயெண்ணெய் முழுதும் மாற 18.3 கிராம் எரிசோடா வேண்டும். முழு அளவும் இடாமல் 5 விழுக்காடு எண்ணெயை மாறாமல் விட்டால், அஃதாவது 17.4 கிராம் மட்டும் இட்டால், காரம் எஞ்சாது. வழலை தோலை எரிக்காது. நல்லெண்ணெய்க்கு வேறு கணக்கு. ஒன்றன் கணக்கை மற்றொன்றுக்கு இடுவது தீங்கு. எரிசோடாவை நீரில் இட வேண்டும். நீரை எரிசோடாவின்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியக் கலம் கூடாது. கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் இன்றியும், பிள்ளைகள் நடமாடும் இடத்திலும் செய்தல் கூடாது. வார்த்த வழலையை 4 முதல் 6 கிழமை காயவிடுக.

கடையில் வாங்குவோரும் ஒரு செய்தி அறிந்து வைக்க. இந்தியத் தர அளவின்படி முதல்தரக் குளியல் வழலையில் மொத்தக் கொழுப்புப் பொருள் 76 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. இரண்டாந்தரம் 70, மூன்றாந்தரம் 60. 'பேத்திங் பார்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு விற்பது வேறு வகை. அதற்கு 40 விழுக்காடே போதும். உறையின் ஓரத்தில் இச்சிறு எண் இருக்கும். முகப்பிலுள்ள நடிகையின் முகத்தைவிட அவ்வெண் உண்மையானது.

விற்பதற்காகச் செய்யும் தோழியரும் உளர். ஒப்பனைப் பொருளைச் செய்து விற்க மாநில உரிம அலுவலரிடம் உரிமம் பெறுதல் வேண்டும். தமிழ்ப்பெயர் சூட்டியதால் சட்டம் விலகி நில்லாது, விலகவும் கூடாது.

வெண்மை என்னும் பொய்

முகம் கழுவும் பொருளால் நிறம் வெளுக்கும் என்பது பொய். அது தோலில் நிற்பது ஒரு மணித்துளி. தோலின் நிறமோ உள்ளடுக்கில் பிறப்பது. அழுக்கு போனால் முகம் தெளியும், கருமை போகாது, போக வேண்டியதும் அன்று. உழைக்கும் தமிழரின் நிறத்தை இழிவென்று நம்ப வைத்தபின்தான் வெண்மையை விற்க முடிந்தது. அவ்விற்பனையின் கொடிய முனை இதள் எனப்படும் பாதரசம். இந்திய நெறிகளின்படி கண்பகுதிக்கல்லாத ஒப்பனைப் பொருளில் தற்செயலாகக் கலந்த இதளும் பத்திலக்கத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. ஆயினும் பெயரற்ற வெண்மைக் களிம்புகளில் அது மறைவாகச் சேர்க்கப்படுகிறது. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் அத்தகைய களிம்பு பூசியவர் பலர்க்குச் சிறுநீரக நோய் கண்டதை 2023-ஆம் ஆண்டில் மருத்துவர் வெளிப்படுத்தினர். பட்டியே இல்லாத களிம்பு செய்யும் கேடு இது. பட்டி கேட்பது உயிர்காக்கும் வழக்கம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

செய்ய வேண்டியவை

முதலாவது: தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் ஒப்பனைப் பொருளின் மேலும் பொருட்பட்டி முழுதும் தமிழில் வேண்டும். 'கூடுதலாக இருக்கலாம்' என்பது 'கட்டாயம் இருக்க வேண்டும்' என்று மாறும்வரை இக்கோரிக்கை ஓயலாகாது. உலகப் பொதுப்பெயரை அழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வாமை வந்தால் மருத்துவர்க்கு அப்பெயர் தேவைப்படும். அதனருகே தமிழ்ப்பெயரும் தொழிலும் நிற்கட்டும்: 'சோடியம் லாரில் சல்பேட்டு – நுரைப்பொருள்', 'கிளிசரின் – ஈரங்காப்பது', 'பர்பூம் – மணம்'. தாய்க்கு இவ்வளவு போதும்.

இரண்டாவது: தமிழ்ப்பெயரில் பொடியும் வழலையும் செய்து விற்போர், சட்டம் வரும்வரை காத்திராமல் இன்றே முழுப்பட்டியையும் தமிழில் அச்சிடுக. மறைக்க ஒன்றுமில்லாதவர்க்கு இதில் இழப்பில்லை.

மூன்றாவது: தமிழறிஞரும் வேதியியல் கற்றவரும் ஒருங்கே அமர்ந்து இப்பொருள்களுக்கு எளிய சொற்களை ஆக்குக. தொழிலறியாப் புலவர் ஆக்கிய சொல் ஏட்டில் உறங்கும். தமிழறியா வேதியியலார் ஆக்கிய சொல் நாவில் ஏறாது. அடுக்களையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் வழங்கும் சொற்களை முதலில் கேட்டுத் தொகுக்க. துவர் என்னும் சொல் இன்னும் அங்கே உயிரோடிருக்கிறது.

நான்காவது, இன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் செய்யத்தக்கது: குளியலறையிலுள்ள குப்பி ஒன்றை எடுத்துத் திருப்புக. படிக்கும் மகனையோ மகளையோ பின்புறத்தை உரக்கப் படிக்கச் சொல்க. ஒவ்வொரு பெயருக்கும் 'இது என்ன, எதற்கு?' என்று வினவுக. விடை தெரியாத பெயர்களைத் தமிழெழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்து, அறிந்தாரிடம் கேட்டு நிரப்புக. அத்தாள் நிரம்ப நிரம்ப, அவ்வீட்டுத் தாய்க்குக் குப்பிக்காரனிடம் கொண்ட மயக்கமும் தீரும். பொடிக்காரனிடம் கொண்ட அச்சமும் தீரும். தன் மொழியில் தான் அறிந்த பொருளையே அவள் தன் பிள்ளையின் தோலில் இடுவாள்.

தமிழில் விளங்காத எதுவும் தமிழ்க்குழந்தையின் உடம்பில் படலாகாது என்று தாய்மார் முடிவு செய்யும் நாளில், எந்த ஆலைக்காரனும் தமிழில் எழுதாமல் விற்க மாட்டான்.

வெல்க தமிழ்!